நாலு வருடப் பரவாயில்லை

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில், ஹார்வெல் ஊரிலிருந்து தெற்கே போகும் பதின்மூன்றாம் நெடுஞ்சாலையில் எதிரெதிராக இரண்டு வண்டிகள் வந்தால், ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கை விடாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குவார்கள். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கெல்லாம் கிடையாது. பத்து மைலுக்கு ஒரு வண்டி வரும் சாலையில் அதுதான் வணக்கம். விரல் தூக்காமல் ஒருவர் போனால் வெளியூர்க்காரராக இருப்பார், இல்லையென்றால் அவர் வீட்டில் சாவு விழுந்திருக்கும்.

லோர்னா ஹாய்பெலுக்கு நாலு வருடமாக யாரும் விரல் தூக்கவில்லை.

அவள்மேல் யாருக்கும் கோபம் ஒன்றுமில்லை. அவள் ஓட்டுவது கிரில்லோ. இத்தாலியிலிருந்து வரும் குட்டிக் கார். அந்த ஊர் மொழியில் சில்வண்டு என்று அர்த்தமாம். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் பின்பக்கம் திறந்த பெட்டி வைத்த பெரிய பிக்கப் வண்டிகளில், மாடியில் உட்கார்ந்த மாதிரி வருகிறார்கள். அவர்கள் பார்வை கிரில்லோவின் கூரைக்கு மேலாகவே போய்விடும். உள்ளே ஒரு மனுஷி இருப்பதே தெரியாது. புருஷன் ஜீன் உயிரோடு இருந்தபோது அவனுடைய பிக்கப்பை இதே சாலையில் அவளும் ஓட்டியிருக்கிறாள். அப்போது ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஏழெட்டு விரல்கள் எழும். அதெல்லாம் தனக்கான வணக்கம் என்றே நினைத்திருந்தாள். வண்டிக்கான வணக்கம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஜீன் ஒரு அறுவடைக் காலத்தில் இதயம் நின்று போனான். ஒரு வாரம் முழுக்க ஊர் அவள் வீட்டுக்கு வந்தது. அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கும் கறியும் கலந்த தட்டுகள் குளிர்பெட்டியில் இடமில்லாமல் சேர்ந்தன. "எப்படி இருக்கே லோர்னா?" என்று கேட்டார்கள். "பரவாயில்ல" என்றாள். அந்த ஊரில் வேறு பதில் கிடையாது. கை ஒடிந்தவனும் பரவாயில்லை என்றுதான் சொல்வான். ஆலங்கட்டி மழையில் கோதுமை முழுக்கப் போனவனும் அதையேதான் சொல்வான். ஒரு தடவை கேட்டு, பரவாயில்லை என்று பதில் வந்துவிட்டால், மறுபடி கேட்பது மரியாதை இல்லை. அதனால் மறு வாரம் யாரும் வரவில்லை. தட்டுகளைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அதோடு முடிந்தது.

ஜீனின் பிக்கப்பை விற்றாள். அவள் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. அதை ஓட்ட முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் நெடுஞ்சாலை ஓரத்தில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்த பழைய கட்டடத்தில் கிரில்லோ ஷோரூம் வந்தது. வேலை கேட்கப் போனவள், யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கால் பெடலைத் தொட்டது. கண் நேராகச் சாலையைப் பார்த்தது. ஐம்பத்தோரு வயதில் முதல் தடவையாக ஒரு வண்டி அவள் அளவுக்கு இருந்தது. அன்றைக்கே அந்தக் காரை அவள் நம்பிவிட்டாள். ஷோரூமைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கிடைத்தது.

விற்பனைக்காரர்கள் பொய் சொல்வார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. லோர்னா சொல்லவில்லை. அவளுக்குப் பிடித்ததை மட்டும் சொன்னாள். கேலி செய்தவர்களுக்குச் சிரித்துக்கொண்டே பதிலும் கொடுத்தாள். பெரிய கேலிக்காரர் பக்கத்துப் பண்ணை டெல்மர் கௌட்ஸ். ஷோரூம் திறந்த அன்று காரைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, குனிந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"ஏன் லோர்னா, இத ஓட்டணுமா, இல்ல கால்ல மாட்டிக்கிட்டு நடக்கணுமா?"

"உன் கால் நாத்தத்துக்கு நடக்கவே விடமாட்டேன், டெல்மர். ஓட்டிப் பாரு."

"வேட்டைக்குப் போனா மான எங்க போடறது?"

"முன் சீட்ல உக்கார வெச்சு பெல்ட் போட்டு விடு. பேச்சுத் துணைக்கு ஆச்சு."

டெல்மர் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்துவிட்டு, பொண்டாட்டி ஃபில்லிஸ் நூலகத்துக்குப் போய்வர ஒன்று வாங்கினார். அந்தக் கோடையில் பத்தொன்பது கார்கள் போயின. பள்ளிக்கூட ஆசிரியை, மருந்துக்கடைக்காரி, பாதிரியாரின் மனைவி ஐலீன் என்று வாங்கியவர்களில் பெரும்பாலும் பெண்கள். எல்லாருடைய வீட்டிலும் பிக்கப்பும் இருந்தது. கிரில்லோ இரண்டாவது வண்டிதான். ஆனாலும் ஊருக்குள் அங்கங்கே சிவப்பும் மஞ்சளுமாக அவை நிற்பதைப் பார்க்க லோர்னாவுக்கு, தன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற மாதிரி இருந்தது. அவளுக்குப் பிள்ளைகள் இல்லை.

பிறகு பனிக்காலம் வந்தது.

வடக்கு டகோட்டாவில் ஒவ்வொரு வண்டியின் முகத்திலிருந்தும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போல, ஒரு மின்கயிறு தொங்கும். எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன ஹீட்டருக்கு அது. இரவில் வீட்டுச் சுவரில் சொருகிவைத்தால்தான் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிரில் காலையில் வண்டி கிளம்பும். கிரில்லோவுக்கு அந்தக் கயிறு இல்லை. ஹீட்டரும் இல்லை. இத்தாலியில் யாருக்கும் அது தோன்றவில்லை. கோடையில் விற்ற லோர்னாவுக்கும் தோன்றவில்லை. வண்டி என்றால் கயிறு இருக்கும், அதைப் போய் யார் குனிந்து பார்ப்பார்கள்?

ஜனவரி முதல் வாரத்தில் பத்தொன்பதும் படுத்துவிட்டன. ஷோரூம் மெக்கானிக் ஆரின், டிராக்டர் ஹீட்டர் ஒன்றை அறுத்து ஒட்டி ஐலீனின் காரில் பொருத்திப் பார்த்தான். எஞ்சின் தண்ணீர் ஒழுகி, காற்று வீசும் வெட்டவெளியில் கார் நின்றுபோனது. கோதுமை லாரிக்காரர் ஒருவர் ஏற்றிக்கொண்டு வந்திராவிட்டால் ஐலீனுக்குக் கால்விரல்கள் மிஞ்சியிருக்காது.

லோர்னா நடுங்கிப்போய் அவள் வீட்டுக்கு ஓடினாள். ஐலீன் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "பரவாயில்ல லோர்னா. நல்ல காருதான். கொஞ்சம் வித்தியாசம், அவ்ளோதான்." அடுத்த ஞாயிறு கோவிலுக்குப் புருஷனின் பிக்கப்பில் வந்தாள். அதற்கப்புறம் எல்லாப் பனிக்காலமும் அப்படித்தான். கிரில்லோக்கள் நவம்பரில் வைக்கோல் கொட்டகைக்குள் போகும், ஏப்ரலில் வெளியே வரும். புதிதாகக் காரைப் பார்க்க வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். ஆனால் ஒருவர்கூட வந்து சண்டை போடவில்லை. ஒருவர்கூடத் திட்டவில்லை. கடுமையாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு அவளும் யாரையாவது கேட்டிருப்பாளோ என்னவோ.

கேட்க ஒரு ஆள் இருந்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலை நாலு மணிக்கு நியூ ஜெர்ஸி அலுவலகத்திலிருந்து சில்வானோ என்பவர் போன் செய்வார். இத்தாலிக்காரர், நாற்பதைத் தாண்டியவர், குரலில் எப்போதும் ஒரு அவசரம். நாற்பது ஷோரூம்களை விசாரிக்க வேண்டும் அவருக்கு.

"எப்படிப் போகுது லோர்னா? ஏதாவது பிரச்சனை?"

"பரவாயில்ல. ஓடிட்டிருக்கு."

"காருல ஏதாவது குறை சொல்றாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல."

அது பொய்யும் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். பிறகு சில்வானோ இரண்டு நிமிடம் ஊரில் இருக்கும் தன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றியும், தன் மகள் பியானோ கற்றுக்கொள்ள அடம் பிடிப்பதைப் பற்றியும் பேசுவார். வெள்ளிக்கிழமை அந்த இரண்டு நிமிடத்துக்காக லோர்னா தலைவாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனில் முகம் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. வாரம் முழுக்க அவளிடம் ஒரு கேள்வி கேட்கும் குரல் அது ஒன்றுதான். அந்தக் குரலிடம் போய்க் குறை சொல்வதா?

நாலாம் வருடம் டிசம்பர் கடைசியில் அவர் குரலில் அவசரம் இல்லை.

"லோர்னா, நான் நேர்ல வரேன். ஜனவரி மூணாவது வியாழக்கிழமை. உங்க பக்கம் நாலு மாநிலத்துல ஒரே ஒரு ஷோரூம்தான் வெச்சுக்கப் போறாங்க. எதுன்னு நான் பாத்து எழுதணும். வாங்கினவங்ககிட்ட கொஞ்சம் பேச முடியுமா?"

"அதுக்கென்ன, வரச் சொல்றேன்" என்றாள். போனை வைத்தபின் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அதற்குள் அவளோடு சேர்ந்திருந்த விற்பனைக்காரர்கள் நாலு பேரும் போய்விட்டிருந்தார்கள். ஆரின் வாரத்தில் இரண்டு நாள்தான் வந்தான். ஷோரூம் மூடிவிட்டால் அவளுக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இருக்காது. சோற்றுக்குப் பஞ்சமில்லை, நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தாள். ஆனால் வீட்டில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஒரு குரலும் இல்லை. கடிகாரம்கூட மின்சாரக் கடிகாரம், சத்தம் போடாது.

பத்தொன்பது வீட்டுக்கும் போன் செய்தாள். இரண்டு பேர் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள், எட்டுப் பேர் காரை விற்றிருந்தார்கள். மிச்சம் ஒன்பது பேர். "வந்து ரெண்டு நல்ல வார்த்த சொல்லணும், எப்படியாவது கிளப்பிக் காரையும் எடுத்துட்டு வரணும்" என்று கேட்டாள். ஒருவர்கூட முடியாது என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. லோர்னா எலுமிச்சைக் கேக் துண்டுகள் இரண்டு தட்டு செய்து, பெரிய பாத்திரத்தில் காபி போட்டு வைத்திருந்தாள். சில்வானோ வாடகைக் காரில் வந்து இறங்கினார். குரலை வைத்து உயரமாக நினைத்திருந்தாள். அவரும் குள்ளம்தான். காது சிவந்து, மூக்கில் நீர் வழிய, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்தக் குளிர்ல மனுஷன் எப்படி உயிரோட இருக்கான் லோர்னா?"

"பழகிடும்."

பத்து மணிக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள். சொன்னபடி ஒன்பது பேர், ஒரு நிமிடம் பிசகாமல். வாசலில் ஒன்பது வண்டிகள் வரிசையாக நின்றன. ஒன்பதும் பிக்கப்புகள். அந்தக் குளிரில் யாரும் எஞ்சினை அணைப்பதில்லை. ஒன்பது புகைப்போக்கிகளிலிருந்தும் வெள்ளைப் புகை எழுந்து ஷோரூம் கண்ணாடியை மறைத்தது.

ஃபில்லிஸுக்குத் தடுமன் என்று அவளுக்குப் பதிலாக டெல்மர் வந்திருந்தார். கேக்கை வாயில் போட்டுக்கொண்டு சில்வானோவின் தோளில் தட்டினார். "நல்ல வண்டி சார் உங்களோடது. என் வீட்டுக்காரிக்கு உசுரு. ஒரு குறை சொல்ல முடியாது." பள்ளிக்கூட ஆசிரியை "பெட்ரோல் மிச்சம்" என்றாள். ஐலீன் "கலரு அழகு" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். அவர்கள் மனசார உதவி செய்ய வந்திருந்தார்கள். லோர்னாவுக்கு அது தெரிந்தது. காலியான கோப்பைகளில் மறுபடியும் காபி ஊற்றினாள்.

சில்வானோ நோட்டை மூடிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். கையால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"எல்லாரும் கிரில்லோவ எடுத்துட்டு வரதா லோர்னா சொன்னாங்களே. எங்க?"

டெல்மர் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்.

"வீட்ல இருக்கு" என்றார் கடைசியில்.

"ஒன்பதுமா?"

"பத்திரமா இருக்கு சார்."

அவர்கள் அத்தனை பேரும் அவளைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். இன்னும் ஒரு வார்த்தை சமாளித்தால் போதும், சாலை வழுக்குகிறது, சின்னக் காரைப் பனியில் எடுக்க மனசில்லை என்று. டெல்மர் அதைச் சொல்ல வாயைத் திறந்தும்விட்டார். ஆனால் லோர்னா முந்திக்கொண்டாள்.

"கிளம்பாது சில்வானோ. அதான் எடுத்துட்டு வரல. நவம்பர்லேருந்து ஏப்ரல் வரைக்கும் ஒண்ணும் கிளம்பாது. எஞ்சின் ஹீட்டர் இல்ல. முத வருஷமே எல்லாம் நின்னுபோச்சு. ஐலீன் கால் போயிருக்கும். நான் ஓட்டற வண்டிய பகலெல்லாம் ஷோரூமுக்குள்ள, சூட்டுல நிறுத்தறேன், ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு எஞ்சின ஓடவிடறேன், அதனாலதான் ஓடுது."

ஊர் அவள் முகத்தைப் பார்த்தது. ஒருவர் தன் குறையை இப்படிப் பொது இடத்தில் உரக்கச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. ஐலீன் காபிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள். ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்துக்கொண்டு, "கேக் நல்லா இருந்துச்சு லோர்னா" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். புகை விலகியது. ஷோரூமில் இருவர் மட்டும்.

சில்வானோ நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கேக் துண்டை இரண்டாக, நாலாக உடைத்துக்கொண்டே இருந்தார்.

"பின்லாந்துக்கு அனுப்பற காருல அந்த ஹீட்டர் இருக்கு" என்றார். "உள்ளங்கை அளவுதான். ஆலையில அலமாரி நிறைய அடுக்கி வெச்சிருக்காங்க. நீங்க ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தா, அடுத்த மாசம் பெட்டி பெட்டியா வந்திருக்கும்."

லோர்னா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"இருநூறு வெள்ளிக்கிழமை லோர்னா. இருநூறு தடவ கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஒவ்வொரு தடவையும் பிரச்சனை இல்லன்னு எழுதினேன்."

"உங்களுக்குச் சங்கடம் வேணாமேன்னுதான்" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவளுக்குப் பட்டது.

அவர் கோபப்படவில்லை. கார் விற்காதது உங்களால் மட்டும் இல்லை என்றார். தெற்கே டெக்ஸாஸில், பெரிய லாரி பக்கத்தில் வந்தால் உயிர் போய்த் திரும்புகிறது என்கிறார்கள். மேற்கே பெட்ரோல் விலை இறங்கியதும் குட்டிக் காரை மறந்துவிட்டார்கள். இத்தாலியில் இருக்கும் நிறுவனப் பெரியவர்களோ, காருக்குள் காபிக் கோப்பை வைக்க ஒரு குழி போதும், இரண்டாவது எதற்கு என்று ஒரு வருடம் சண்டை போட்டார்கள். இவ்வளவு அகலமான நாட்டில் மனுஷனுக்குத் தன்னைச் சுற்றி நிறைய இரும்பு வேண்டியிருக்கிறது, அதை அங்கிருந்து பார்த்தால் புரியாது.

"ஆனா இங்க நடந்தத மட்டும் சரி பண்ணியிருக்கலாம்" என்றார்.

"மூடிடுவீங்களா?"

அவர் நோட்டை எடுத்துப் பையில் வைத்தார். "ஆமா" என்றார்.

பரவாயில்லை என்ற வார்த்தை வாய்வரை வந்தது. லோர்னா அதை வெளியே விடவில்லை. மிச்சமிருந்த கேக்கைக் காகிதத்தில் சுற்றி அவர் மகளுக்கு என்று கொடுத்தாள்.

பிப்ரவரி முதல் தேதி கிரேன் வைத்துப் பெயர்ப்பலகையை இறக்கினார்கள். நிறுவனம் அவள் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்புக் கிரில்லோவை அவளுக்கே விட்டுக்கொடுத்தது. அதை இனி சூடாக நிறுத்திவைக்க ஷோரூம் இல்லை. இரண்டு நாளில் வீட்டு வாசலில் உறைந்து நின்றது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பழக்கத்தில் தலைவாரிக்கொண்டு உட்கார்ந்தாள். போன் வரவில்லை. மறு வெள்ளியும் வரவில்லை.

மூன்றாம் வாரம் நியூ ஜெர்ஸியிலிருந்து ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே உள்ளங்கை அளவு ஹீட்டர், சுருட்டிய கயிறு, அவளுக்குப் படிக்கத் தெரியாத பின்லாந்து மொழியில் ஒரு தாள். ஆரின் வந்து அரை மணி நேரத்தில் பொருத்திவிட்டான். கைக்குள் அடங்கும் அந்த வேலையைப் பார்த்துவிட்டு அவன் தலையைச் சொறிந்தான். இரவு கயிற்றைச் சுவரில் சொருகினாள். காலையில் பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து. சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பியது.

போவதற்கு ஓர் இடமும் இல்லை. ஆனாலும் பதின்மூன்றாம் நெடுஞ்சாலையில் ஓட்டிக்கொண்டு போனாள். இரண்டு பக்கமும் வெள்ளை. தூரத்தில் ஒரு புள்ளி பெரிதாகி வந்தது. டெல்மரின் பிக்கப். அவர் பார்வை வழக்கம்போல அவள் தலைக்கு மேலாகப் போகும் என்று தெரிந்தது. லோர்னா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். குளிர் கத்திபோல உள்ளே வந்தது. முழுக் கையையும் வெளியே நீட்டி, தூக்கிப் பிடித்தாள்.

பிக்கப் தாண்டிப் போனது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அவளும் நிறுத்தினாள். டெல்மர் மெதுவாகப் பின்னுக்கு வந்து, பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு, நின்னுபோச்சா?"

"இல்ல. ஓடுது. ஹீட்டர் வந்திருச்சு."

"அப்புறம் எதுக்குக் கைய நீட்டினே? ஆபத்துன்னு பயந்துட்டேன்."

"உன்னப் பாத்தேன். தூக்கினேன்."

டெல்மர் தொப்பியைச் சரி செய்தார்.

"சரி. எப்படி இருக்கே லோர்னா?"

"நல்லா இல்ல டெல்மர். தனியா இருக்க முடியல."

சாலையில் அவர்கள் இருவரையும் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. டெல்மர் முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், ஏதாவது வண்டி வந்து தன்னைக் காப்பாற்றுமா என்கிற மாதிரி.

"நீ பரவாயில்லன்னுதான் சொல்லுவேன்னு நெனச்சு கேட்டேன்" என்றார்.

"தெரியும்."

"இப்ப நான் என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவர் போகவில்லை. இரண்டு எஞ்சின்களும் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டு கண்ணாடிகளும் திறந்திருந்தன. மேலே அவர் மூச்சு புகையாக எழுந்தது, கீழே அவள் மூச்சு. கொஞ்ச நேரம் கழித்து, "ஃபில்லிஸ் காரும் கொட்டகையில கிடக்கு. அந்தக் கயிறு இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பாக்கறேன்" என்றாள் லோர்னா.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டுக் கிளம்பினார். அவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கார் மறுபடி சூடாக இரண்டு மைல் ஆனது. அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போய், மணி நாலு ஆகும்வரை காத்திருந்து, நியூ ஜெர்ஸி எண்ணை அவளே அழைத்தாள்.